இரண்டடி டைல்ஸுக்கு இரண்டடி கட்டர்

விருத்தாசலம்,
கார்த்திகை மாதம், மழை விட்ட ஒரு நாள்.

ஷார்ஜாவில் இருக்கும் அன்பும் பண்பும் மிக்க மாப்பிள்ளை பாண்டியன் அவர்களுக்கு மாமனார் பழமலைநாதன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் மாமியார் அமுதவள்ளியும் நலம். திட்டக்குடியில் என் மகள் மதிவதனியும் பேரனும் தங்கள் தாயாரும் நலம். தங்கள் தகப்பனார் தங்கதுரை அவர்கள் ரொம்பவே நலம். அவருடைய நலத்தைப் பற்றிப் பின்னால் விரிவாக எழுதுகிறேன். எல்லோரையும்விட, தாங்கள் இங்கே கட்டிக்கொண்டிருக்கும் புது வீட்டின் ஹால் தரை பரம நலம். தாங்களும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு, சுகமாக இருக்கப் பழமலைநாதரை வேண்டிக்கொள்கிறேன். என் பெயரை வைத்திருக்கும் சாமி என்பதால் நான் சொன்னால் கொஞ்சம் கேட்பார்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று தாங்கள் நினைக்கலாம். என் போன் உடைந்துவிட்டது. சும்மா உடையவில்லை, ஒரு நல்ல காரியத்துக்காக உடைந்தது, அதையும் பின்னால் எழுதுகிறேன். தங்கள் மாமியாரின் போனில் பேசலாம் என்றால், நான் ‘ஹலோ’ சொல்லி முடிப்பதற்குள் அவள் அதை வாங்கிக்கொண்டு அங்கே வெங்காயம் என்ன விலை என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறாள். ஆகவே ஹார்டுவேர் கடை கோவிந்தசாமியின் மகன் லீவு முடிந்து ஷார்ஜா திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். முதலில் முக்கியமான சேதி: ஹாலுக்கு டைல்ஸ் போட்டு முடித்தாயிற்று. நானே போட்டேன். ஆகையால் தைமாதம் பால் காய்ச்ச வரும்போது கரண்டில் ஓடும் கட்டிங் மெஷின் ஒன்று வாங்கி வருகிறேன் என்று தாங்கள் சொன்னது எனக்குத் தேவைப்படாது. அந்தக் காசுக்கு மதிவதனிக்கு ஒரு நல்ல சேலை எடுங்கள்.

சென்ட்ரிங் போட்ட அன்றைக்கு, சாப்பாட்டுப் பந்தியில், எல்லோர் முன்னாலும் நான் எழுந்து, “ஹாலுக்கு டைல்ஸு நான் போடறேன்” என்று சொன்னது தங்களுக்கு நினைவிருக்கும். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை அமுதவள்ளி கேட்கிறாள். இங்கே பீங்கான் தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் செக்கிங் மேஜையில் உட்கார்ந்து, சூளையிலிருந்து வந்த ஒவ்வொரு சாமானையும் தட்டித் தட்டிக் காதால் கேட்டவன். ‘டிங்’ என்றால் நல்லது, ‘டொக்’ என்றால் உள்ளே விரிசல். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் தட்டுவதற்கு ஒன்றுமில்லை. தேங்காயைத் தட்டினேன், தர்ப்பூசணியைத் தட்டினேன், டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைப்பதற்கு முன்னால் என் நெஞ்சையே தட்டிப் பார்த்து “பரவால்லீங்க” என்று சொன்னேன். அப்போதுதான் டைல்ஸ் வேலை கற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தேன். டைல்ஸும் பீங்கான் வகைதானே, நமக்குத் தெரியாத பீங்கானா என்ற நினைப்பு. தாங்களோ போனில் மிகவும் மரியாதையாக, “மாமா, உங்களுக்கு எதுக்கு சிரமம்?” என்று கேட்டீர்கள். மாப்பிள்ளை அப்படிக் கேட்டால் என்ன அர்த்தம் என்று எந்த மாமனாருக்கும் தெரியும். தங்கள் தகப்பனார் அந்த அளவுக்குச் சுற்றி வளைக்கவில்லை. சாம்பாரை ஊற்றச் சொல்லிவிட்டு, “வூட்ட உங்க ஊர்ல கட்டுறான், சரி. தரையையாவது எங்க ஆளு பாத்துக்கட்டும் சம்பந்தி” என்றார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. மகன் சொந்த ஊரான திட்டக்குடியை விட்டுவிட்டு மாமனார் தெருவில் வீடு கட்டினால் எந்தத் தகப்பனுக்கும் வயிறு எரியும்தான். ஆனால் எனக்கும் வயிறு ஒன்று இருக்கிறதல்லவா? அந்த ஹாலில் என் மகள் காலம் முழுக்க நடக்கப்போகிறாள். சொன்ன சொல்லை நான் காப்பாற்றவில்லையென்றால், அவள் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் “உங்கப்பா போடறேன்னாரே, அந்தத் தரைதான?” என்று யாராவது கேட்பார்கள். என் பயமெல்லாம் அது ஒன்றுதான்.

சரி, வேலை தொடங்குகிறவனுக்கு முதலில் வேண்டியது கட்டர். கோவிந்தசாமி கடைக்குப் போனேன். அவர் நான்கு தினுசு எடுத்து வைத்தார். ஒன்று சின்னது, சிவப்புக் கைப்பிடி, பாத்ரூம் சுவருக்கு ஒட்டும் சின்ன டைல்ஸுக்கு. இன்னொன்று இரண்டடி டைல்ஸுக்குச் சரியாக இரண்டடி. மூன்றாவது நாலடி நீளம், நிற்க வைத்தால் என்னைவிடக் கொஞ்சம்தான் குட்டை. நாலாவது கரண்டு மெஷின், வைரச் சக்கரம் வைத்தது. “மொதல்ல கத்துக்கிறவங்களுக்கு எது நல்லதுன்னு சொல்லுங்க” என்றேன். அவர், “நீங்க என்னா டைல்ஸு போடப்போறீங்க, எப்பிடிப் போடப்போறீங்கன்னு சொல்லுங்க மொதல்ல” என்றார். மாப்பிள்ளை, அந்த இரண்டாவது கேள்வியை நான் காதில் வாங்கியிருக்க வேண்டும். டைல்ஸ் இரண்டடிக்கு இரண்டடி, ஆகவே இரண்டடி கட்டர், இதில் என்ன எப்படி என்று நினைத்துவிட்டேன். மெஷினை ஓட்டிக் காட்டினார். தூசி பறந்தது, சத்தமோ ரைஸ்மில்லைத் தோற்கடித்தது. காதை வைத்துப் பிழைத்தவன் நான், இதைக் கட்டிக்கொண்டு எப்படி மாரடிப்பது? கையால் இழுக்கிற கட்டர்தான் எனக்கு என்று முடிவு செய்து, இரண்டடிக் கட்டரின் அடித்தகட்டைத் தட்டிப் பார்த்தேன். நல்ல நாதம். சக்கரத்தைச் சுண்டிப் பார்த்தேன். தண்டவாளக் கம்பி இரண்டையும் தட்டினேன். சுருதி சேர்ந்தது. கோவிந்தசாமி, “கச்சேரிக்கா வாங்கறீங்க?” என்று கேட்டார். வெட்டிப் பார்த்துவிட்டு வாங்குகிறேன் என்று சொல்லி, கையருகே இருந்த டைல்ஸை எடுத்து வெட்டிப் பார்த்தேன். அது கடை வாசலில் அழகுக்காக நிறுத்தி வைத்திருந்த மயில் படத்தில் ஒரு பங்கு என்று பிறகுதான் தெரிந்தது. மயிலுக்கு இப்போது தோகை உண்டு, தலை இல்லை. நல்ல மனிதர், மயிலுக்குக் காசு கேட்காமல் கட்டரைச் சாக்கில் கட்டி, கொசுறாக ஒரு பேனாவும் கொடுத்தார். முனை கூராக இருந்தது, எழுதவில்லை. ஓசியில் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்று சட்டைப் பையில் குத்திக்கொண்டேன்.

வீட்டில் பழைய டைல்ஸ் நாலைந்தை வைத்துப் பழக உட்கார்ந்தபோதுதான் எனக்கு வந்த சங்கடம் வேறு எவனுக்கும் வந்திருக்காது. இந்தக் கட்டரில் வேலை இரண்டே இரண்டு. சக்கரத்தை ஒரே இழுப்பில் இழுத்துக் கோடு கிழிக்க வேண்டும், பிறகு கைப்பிடியை அழுத்தி உடைக்க வேண்டும். கோடு கிழிப்பது எனக்கு முதல் நாளே வந்துவிட்டது. சக்கரம் ஓடும்போது ‘கிர்ர்’ என்று அறுபடாமல் ஒரே சத்தம் வந்தால் கோடு சரி. நடுவில் சத்தம் விட்டால் அங்கே கோடும் விட்டிருக்கிறது என்று பொருள். காது எனக்குத் துணை. ஆனால் உடைக்க வேண்டிய நேரத்தில் கை வரவில்லை. முப்பது வருஷம் ஒரு சாமான் என் கையில் உடைந்துவிடக்கூடாது என்று காத்த கை. ஒரு பீஸ் உடைந்தால் சூப்பர்வைசர் மூன்று மேஜை தாண்டி எட்டிப் பார்ப்பார். கைப்பிடியை அழுத்தப் போவேன், உள்ளே ஏதோ ஒன்று பிடித்து இழுக்கும், பாதி அழுத்தத்தில் விட்டுவிடுவேன். பாதி அழுத்தினால் டைல்ஸ் தன் இஷ்டத்துக்கு உடையும். ஒன்று வெள்ளாறு போல வளைந்து உடைந்தது. இன்னொன்று நான் கிழித்த கோட்டை மட்டும் பத்திரமாக விட்டுவிட்டு மற்ற எல்லா இடத்திலும் உடைந்தது. “ஒடைக்கிறதுக்குக் கூடவா ஒரு மனுசனுக்குக் கத்துக் குடுப்பாங்க? எங்க வூட்டு டம்ளர் செட்டக் குடுங்க, ஒடனே முடிச்சிடுவாரு” என்று அமுதவள்ளி பக்கத்து வீட்டில் சொன்னாளாம். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். சூப்பர்வைசர் முகத்தை நினைத்துக்கொண்டு அழுத்தினேன். அது கொஞ்சம் பலித்தது. பத்துக்கு ஏழு நேராக உடையும் நிலைக்கு வந்ததும், இனி தாங்காது என்று வேலையில் இறங்கிவிட்டேன்.

தங்கள் தகப்பனார் தினமும் திட்டக்குடியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவார். ஓட்டுநராக ஓய்வு பெற்றவர் என்பதால் வழி நெடுக டிரைவருக்கு யோசனை சொல்லிக்கொண்டே வருவார் போலிருக்கிறது. இறங்கும்போதே தொண்டை கட்டியிருக்கும். மிச்சமிருக்கும் தொண்டையில் என்னை மேற்பார்வை பார்த்தார். ஈசானிய மூலையில் முதல் டைல்ஸை வைத்துத் தொடங்கலாம் என்று நான் சொன்னேன். “வாஸ்துவாவது வெங்காயமாவது. முப்பத்தி நாலு வருசம் பஸ்ஸு ஓட்டினேன், எந்த மூலையப் பாத்து ஓட்டினேன்? ரோட்டப் பாத்து ஓட்டினேன்” என்றார். தங்களுக்குத் தெரியாததா, கோயில் பிரசாதத்தைக்கூடச் சுண்டலாக இருந்தால் மட்டுமே வாங்கிக்கொள்கிற மனிதர். சரியென்று நூல் பிடித்துப் பார்த்தால், ஹால் மூலைமட்டத்துக்கு நிற்கவில்லை. ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. கொத்தனார் செய்த வேலை. அதைச் சொன்னேன். தங்கள் தகப்பனார் டீயை உறிஞ்சிவிட்டு, “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்றார். மாப்பிள்ளை, அந்தப் பழமொழி உண்டான காலத்திலிருந்து, உண்மையிலேயே கோணலான கூடத்தில் நின்றுகொண்டு அதைக் கேட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். பிறகு அவரே போய் நூலைப் பிடித்துப் பார்த்தார். டீ டம்ளரைக் கீழே வைத்தார். அப்புறம், வேப்பூர் ஹைவே ஓட்டல் ஒன்றில் டைல்ஸைக் குறுக்காக, டைமண்டு டைமண்டாகப் போட்டிருப்பதாகவும், அப்படிப் போட்டால் சுவர் கோணல் தெரியாது என்றும், நம் வூட்டுக்கும் டைமண்டுதான் என்றும் தீர்ப்பு சொல்லிவிட்டார். யோசனை நல்ல யோசனைதான், அதை நான் மறுக்கவில்லை. மனசுக்குள் திட்டிக்கொண்டே சரி என்றேன்.

டைமண்டு என்றால் ஹாலின் நட்டநடுவில் தொடங்கி நாலாபக்கமும் போக வேண்டும். மதிவதனி பேரனோடு வந்திருந்தாள். முதல் டைல்ஸுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். அப்போதுதான் தாங்கள் வீடியோவில் வந்தீர்கள். தங்களுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று நான் போனுக்கு முகத்தைக் காட்டி, இடக்கையால் தங்களுக்கு வணக்கம் வைத்துக்கொண்டே, வலக்கை ஒன்றால் அந்தக் கனமான டைல்ஸைக் கலவைமேல் இறக்கினேனே, நினைவிருக்கிறதா? “மாமா, ரொம்ப வருசம் செஞ்ச ஆளு மாதிரி வைக்கிறீங்க” என்று தாங்கள் சொன்னீர்கள். அந்தச் சொல் என்னை மூன்று நாள் தூக்கிக்கொண்டு நடந்தது. முழு டைல்ஸெல்லாம் வரிசையாக விழுந்தன. ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவில் நின்றது. தங்கள் தகப்பனார் குறை தேடி மண்டியிட்டு, கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார். கிடைக்கவில்லை. எனக்கு அன்று இரவு சாப்பாடே வேண்டியிருக்கவில்லை.

சுவர் ஓரம் வந்தபோதுதான் கோவிந்தசாமியின் இரண்டாவது கேள்வி எனக்குப் புரிந்தது. டைமண்டு போட்டால் ஓரத்தில் டைல்ஸை மூலைக்கு மூலை குறுக்கே வெட்டி முக்கோணமாக வைக்க வேண்டும். இரண்டடி டைல்ஸ் குறுக்கே கிட்டத்தட்ட மூன்றடி வந்துவிடுகிறது. என் கட்டர் இரண்டடி. டைல்ஸைக் குறுக்கே வைத்தால், பஸ்ஸுக்குள் ஏற்றிய பொங்கல் கரும்புக் கட்டு போல, இந்தப் பக்கமும் நீட்டிக்கொண்டது, அந்தப் பக்கமும் நீட்டிக்கொண்டது. திருப்பி வைத்தேன். கட்டரைத் திருப்பி வைத்தேன். நானே திரும்பி உட்கார்ந்து பார்த்தேன். மொத்தத்தையும் பார்த்துக்கொண்டிருந்த தங்கள் தகப்பனார் எழுந்து வெளியே போய் யாருக்கோ போன் போட்டார். வரும்போது முகத்தில் கருணை வழிந்தது. “எங்க திட்டக்குடி பக்கத்து மங்களூர்ல டைல்ஸு போடுற பால்சாமிய நாளைக்கு மெஷினோட வரச் சொல்லிட்டேன். ஓரத்த மட்டும் அவரு முடிச்சிக் குடுத்துருவாரு. நீங்க செஞ்சதும் செஞ்சதுதான் சம்பந்தி, யாரும் இல்லன்னு சொல்லல” என்றார். அதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம். நடுவெல்லாம் நான் போட்டு, ஓரம் இன்னொருவர் போட்டால், அது என் தரை ஆகுமா? ஓரம் வெட்டத் தெரியாதவன் டைல்ஸ்காரனே இல்லை. வீட்டுக்குப் போய் அமுதவள்ளியிடம்கூடச் சொல்லவில்லை. அவளே என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே ரசம் வைத்தாள்.

மறுநாள் பால்சாமி வந்தார். பேச்சுக் குறைந்த, நல்ல சுபாவமுள்ள மனிதர். மெஷினை எடுத்தார், வயரைச் செருகினார், சுவிட்சைப் போட்டார். சத்தமில்லை. அன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு, சாயங்காலம்வரை கரண்டு கிடையாது என்று ஊருக்கே தெரியும், திட்டக்குடியிலிருந்து வரும் தங்கள் தகப்பனாருக்கு மட்டும் தெரியாது. அவருக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. பால்சாமி ஒரு டீ குடித்தார். இன்னொரு டீ குடித்தார். நான் டைல்ஸ் பெட்டிமேல் வைத்திருந்த போனைப் பார்க்காமல் அதன்மேலேயே உட்கார்ந்தேன். கீழே ‘டக்’ என்றது. எடுத்துப் பார்த்தால் கண்ணாடி இரண்டாகியிருந்தது. ஆனால் எப்படி ஆகியிருந்தது தெரியுமா மாப்பிள்ளை? ஸ்கேல் வைத்துக் கிழித்தது போல, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு, நேர்கோடாக. தாங்கள் படம் வரைகிற பேனாவால் போனில் எழுதுவதைப் பார்த்திருந்ததால், முந்தின வாரம்தான் அந்தக் கொசுறுப் பேனாவும் அப்படிப்பட்டதாக்கும் என்று நினைத்துப் போனில் ஒரு கோடு இழுத்திருந்தேன். அது எழுதவில்லை, கீறிவிட்டது. இப்போது சரியாக அந்தக் கீறலில்தான் உடைந்திருக்கிறது. நான் பேனாவைப் பார்த்தேன். டைல்ஸைப் பார்த்தேன். பால்சாமி என்னைப் பார்த்தார். “அது டைல்ஸுல கோடு கிழிக்கிற பேனாங்க. அது தெரியாமயா பையில வெச்சிருந்தீங்க?” என்றார். தெரிந்துதான் வைத்திருந்தேன் என்று தலையாட்டினேன்.

அலுமினிய மட்டப்பலகையை டைல்ஸின் குறுக்கே மூலைக்கு மூலை வைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு பேனாவை ஒரே இழுப்பாக இழுத்தேன். ‘கிர்ர்’ என்று முதலிலிருந்து கடைசிவரை அறுபடாத சத்தம். கோட்டுக்கு நேர் கீழே ஒரு நீளக் கம்பியை வைத்தாயிற்று. இனி இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில், ஒரே அளவாக மிதிக்க வேண்டும். எனக்குக் கையே வராது, கால் எப்படி வரும்? ஒரு காலை வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். அப்போது எதிர்ப்பக்கத்தில் ஒரு கால் வந்து நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு வந்த கால். நிமிர்ந்து பார்த்தால் தங்கள் தகப்பனார். “பிரேக்க குத்தக் கூடாது சம்பந்தி. குத்தினா பின்னாடி இருக்குற ஜனம் முன்னாடி வந்து விழும். வளைவுல போறப்ப மாதிரி மெல்ல... இன்னும் மெல்ல... என் தோளப் புடிச்சிக்குங்க” என்றார். நான் அவர் தோளைப் பிடித்தேன். அவர் என் தோளைப் பிடித்தார். கல்யாணத்தில் மாலை மாற்றிக்கொண்டபோது கூட நாங்கள் இவ்வளவு கிட்டத்தில் நின்றதில்லை. என் கால் வழக்கம்போல விலகப் பார்த்தது. “எடுக்காதீங்க. ஒடையறதுக்குத்தான் மிதிக்கிறோம்” என்றார். டைல்ஸ் ‘டிக்’ என்று ஒரு சத்தம் போட்டு, இரண்டு முக்கோணமாகப் பிரிந்து படுத்தது. ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். ரம்பம் வைத்தாலும் அப்படி வராது.

அதற்குப் பிறகு எங்களைப் பிடிக்க ஆளில்லை. நான் இழுப்பேன், அவர் மிதிப்பார், நானும் மிதிப்பேன். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். எங்கள் கதை என்னவென்றால், நேராக உடைந்தால் அவர் காலுக்குப் பெருமை, கோணலாக உடைந்தால் என் கோட்டில் குற்றம். போகட்டும். தப்பினது இரண்டே இரண்டுதான், அந்த இரண்டும் அவர் போன் பேசிக்கொண்டே மிதித்தது. பால்சாமி சாயங்காலம்வரை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கரண்டு வந்ததும் மெஷினை எடுப்பார் என்று பார்த்தேன். அவர் அதைச் சாக்கில் சுற்றி வண்டியில் கட்டிக்கொண்டு, “நடக்கட்டுங்க, நல்லாத்தான் வருது” என்று சொல்லிவிட்டுப் போனார். தங்கள் தகப்பனார் அவர் வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, “இந்த மெஷின நம்பி இருந்தா இன்னிக்கு என்னா ஆயிருக்கும்?” என்று என்னையே கேட்டார். வரச் சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. சம்பந்தி மரியாதை என்று ஒன்று இருக்கிறது.

மாப்பிள்ளை, ஜெயித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை எழுதிக்கொள்ள அனுமதி கொடுங்கள். ஹாலை முடித்த அன்று செருப்பில்லாமல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தேன். ஒரு விளிம்பு காலை இடறவில்லை. என் பழைய தொழில் வழக்கப்படி ஹால் முழுக்கத் தட்டிக் கேட்டேன், எல்லாம் நிறைந்த சத்தம், கலவை சேராமல் அடியில் பொக்கென்று கிடக்கும் டைல்ஸ் ஒன்றுகூட இல்லை. கணக்குப் போட்டு வாங்கியதில் ஒரு டைல்ஸ்கூட மிச்சம் ஆகவில்லை, பாருங்கள் எப்படிப்பட்ட திட்டம் என்று. அந்த டிசைன் வருவதே நின்றுவிட்டதாம், ஊரில் இனி யாருக்கும் இந்தத் தரை கிடையாது. மதிவதனி வந்து பார்த்தாள். நடு ஹாலில் உட்கார்ந்து, பேரனைத் தரையில் விட்டாள். அவன் தவழ்ந்து போனான். அப்பா போட்ட தரை என்று தன் மாமனார் எதிரிலேயே சொன்னாள். தங்கள் தகப்பனார், “என் காலும் இருக்குதும்மா இதுல” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, தூசி என்று சொல்லிக்கொண்டேன். கட்டர் வாங்க நினைக்கும் எவருக்கும் நான் சொல்வது இதுதான்: என்ன டைல்ஸ் என்று மட்டும் பார்க்காதீர்கள், எப்படிப் போடப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், தட்டினால் நல்ல நாதம் வருகிற கைக் கட்டராக வாங்குங்கள், கொசுறாக வருகிற பேனாவை ஒருநாளும் அலட்சியம் செய்யாதீர்கள், மிதிக்க நல்ல சம்பந்தி ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். கரண்டு மெஷின் நமக்கு எதற்கு?

அங்கே நம் ஊர்க்காரர்கள் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும். தங்கள் மாமியார் முறுக்கு கொடுத்து அனுப்பியிருக்கிறாள், கோவிந்தசாமி மகன் வழியில் தின்னாமல் இருந்தால் வந்து சேரும். தாங்கள் நீண்ட ஆயுளும் நிறைந்த செல்வமும் பெற்று, தைமாதம் நல்லபடியாக வந்து இறங்கி, என் மகளோடு வலது காலை எடுத்து வைத்து இந்தத் தரையில் நடக்க வேண்டும், அதை நான் வாசல் ஓரம் நின்று பார்க்க வேண்டும். அதற்கு மேல் எனக்கு ஆசை இல்லை.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும் மாமனார்,
பழமலைநாதன்,
டைல்ஸ் போடுபவர்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன். இன்று காலை தங்கள் தாயார் ஹாலைத் துடைக்க வந்து, தண்ணி வாளியை நட்டநடுவில் வைத்தார்கள். ‘டொக்’ என்றது. மஞ்சள் குங்குமம் வைத்த அந்த முதல் டைல்ஸ். தாங்கள் வீடியோவில் பார்க்க நான் ஒற்றைக் கையால் வைத்தேனே, அதேதான். சாமி டைல்ஸ் என்று அதை மட்டும் தட்டிப் பார்க்காமல் விட்டிருந்தேன். அடியில் பாதிக்குக் கலவை இல்லை. மாற்றிப் போட மிச்சமும் இல்லை. ஆகவே மேலே மூன்று பக்கம் எழுதியதை மன்னித்து, வரும்போது அந்தக் கட்டிங் மெஷினைத் தவறாமல் வாங்கி வரவும். பக்கத்து டைல்ஸுக்கு நோகாமல் சுற்றிலும் இடுக்கை அறுத்து அதை முழுசாக வெளியே எடுக்க அது ஒன்றால்தான் முடியும் என்று பால்சாமி சொல்கிறார். சேலையை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்.

வேப்பூரிலிருந்து தங்கள் பெரியப்பா வீட்டார் நாளைக்குத் தரையைப் பார்க்க வருகிறார்கள். ‘டொக்’ சத்தம் கேட்டபோது தங்கள் தகப்பனார் என் பக்கத்தில்தான் நின்றார். என் முகத்தைப் பார்த்தார். நேரே என் வீட்டுக்குப் போய், நாலு ஆளை வைத்து அமுதவள்ளியின் கல்யாணப் பீரோவைத் தூக்கிவந்து, யாரும் மிதிக்க முடியாதபடி அந்த டைல்ஸின்மேல், நடு ஹாலில், நிறுத்திவிட்டார். பால் காய்ச்சாத வீட்டில் பீரோவா என்று தங்கள் தாயார் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். சற்று முன்னால் எட்டிப் பார்த்த கோவிந்தசாமியும் அதையே கேட்டார். தங்கள் தகப்பனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னது என் காதில் விழுந்தது: “அது வாஸ்துங்க. நடுவுலதான் வைக்கணும்னு எங்க சம்பந்தி பாத்துச் சொன்னாரு.”